இரண்டு மணி நேர வேலைக்கு ‘வாஸ் செக்கிங்’ சரியா, ‘செக்டு’ சரியா?

கேள்வி: 2023 ஜூலை 8, இரவு 9.40

ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். முந்தைய இரவில் நடந்தவற்றை ஒவ்வொரு நாள் காலையிலும் ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதித் தர வேண்டும். ‘ஐ வாஸ் செக்கிங் தி ஸ்டாக் ஃபார் டூ அவர்ஸ்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டு ‘ஐ செக்டு’ என்று திருத்தினார். தொடர்ந்து நடந்த செயலுக்குப் ‘பாஸ்ட் கன்டினியூவஸ்’தான் வர வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். இரண்டு மணி நேரம் நடந்த வேலை தொடர்ந்து நடந்த வேலை அல்லவா? மேலாளர்தான் தவறு செய்கிறார் என்பது என் கருத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

குறிப்பு: ஜூலை 8, இரவு 11.15

மேலாளர் திருத்தியது சரி. ‘தொடர்ந்து நடக்கும் செயல்’ என்று பள்ளியில் சொன்னதை நாம் எல்லோரும் ‘நீண்ட நேரம் நடக்கும் செயல்’ என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுகிறோம். ஆங்கிலத்தின் ‘வாஸ்’ சேர்ந்த ‘இங்’ வடிவம் நேரத்தின் நீளத்தை அளப்பதே இல்லை. விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அதை ஆங்கிலத்தில் ‘விக்டோரியா ரெய்ன்டு ஃபார் சிக்ஸ்டி த்ரீ இயர்ஸ்’ என்றுதான் எழுதுவார்கள். 63 ஆண்டுகளுக்கு வராத தொடர்வினை இரண்டு மணி நேரத்துக்கு ஏன் வர வேண்டும்? அதே வடிவம் கண நேரச் செயலுக்கும் வரும்: ‘ஐ வாஸ் லாக்கிங் தி டோர் வென் தி ஃபோன் ராங்’. கதவைப் பூட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அந்த வடிவத்தின் வேலை வேறு. ஒரு செயலின் தொடக்கத்தையும் முடிவையும் கண்ணுக்கு மறைத்துவிட்டு, கேட்பவரை அந்தச் செயலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அது. ‘ஃபார் டூ அவர்ஸ்’ என்று நீங்கள் சொன்ன உடனே இரண்டு முனைகளும் தெரிந்துவிடுகின்றன; எடை போட்டு வாய் தைத்த மூட்டையைப் போலச் செயல் முழுமையாகிவிடுகிறது. அறிக்கையைப் படிப்பவருக்கு வேண்டியதும் அந்த முழு மூட்டைதான். ஆகையால் ‘ஐ செக்டு தி ஸ்டாக் ஃபார் டூ அவர்ஸ்’ என்பதே பொருந்தும். அந்தச் சரிபார்ப்பின் நடுவில் ஏதாவது நடந்திருந்தால் நிலைமை மாறும். ‘ஐ வாஸ் செக்கிங் தி ஸ்டாக் வென் தி பவர் ஃபெயில்டு’ என்று நீங்கள் எழுதியிருந்தால், அதை அடிக்க மேலாளருக்குக் காரணமே இருந்திருக்காது.

நமக்கு இது இடறுவதற்குத் தமிழும் ஒரு காரணம். ‘இரண்டு மணி நேரம் சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். தமிழின் ‘கொண்டிருந்தேன்’ கால அளவோடு சண்டை போடுவதில்லை. எவ்வளவு நேரம் உழைத்தேன் பார் என்ற அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுக்கும். நான் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பிழைத்தவன். ‘கொண்டிருந்தேன்’ வந்த இடத்தில் எல்லாம் ‘வாஸ்’ போட்டுக்கொண்டே போன பலருடைய படிகளைத் திருத்தியிருக்கிறேன் என்பதால், இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

குறிப்பு: ஜூலை 9, காலை 6.50

இரவு எழுதியதைக் காலையில் படித்தால் சற்றுக் கறாராக இருக்கிறது. கால அளவு வந்தாலே தொடர்வினை வரக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘நேற்றுக் காலை ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை?’ என்று ஒருவர் கேட்கும்போது ‘ஐ வாஸ் கிளீனிங் தி ஹவுஸ் ஆல் மார்னிங்’ என்று சொன்னால் அது நல்ல ஆங்கிலம். அங்கே எவ்வளவு வேலை முடிந்தது என்பது பேச்சில்லை. நீங்கள் அழைத்த நேரத்தில் நான் எதற்குள் மூழ்கியிருந்தேன் என்பதுதான் பேச்சு. ஆகவே ‘ஆல் மார்னிங்’, ‘ஆல் டே’ போன்றவை தொடர்வினையோடு எளிதாகச் சேரும். ‘ஃபார் டூ அவர்ஸ்’ போல எண்ணிச் சொல்லும் அளவுகள்தான் பெரும்பாலும் சாதாரண இறந்தகாலத்தை நாடும். ‘டூ அவர்ஸ்’ என்ற இடத்தில் ‘த்ரீ டைம்ஸ்’ என்று எண்ணிக்கை வந்தால் பிடி இன்னும் இறுகும். ‘ஐ வாஸ் காலிங் யூ த்ரீ டைம்ஸ்’ என்பது நம் ஊர்களில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். ‘ஐ கால்டு யூ த்ரீ டைம்ஸ்’ என்றே இருக்க வேண்டும்.

குறிப்பு: ஜூலை 9, இரவு 8.30

‘இந்த வேறுபாட்டால் அறிக்கை படிப்பவருக்கு என்ன நட்டம்?’ என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். கிடங்கு அறிக்கையில் பெரிய நட்டம் இல்லைதான். சாட்சியத்தில் நட்டம் உண்டு.

‘நான் போனபோது எதிரி அவரை அடித்துக்கொண்டிருந்தார்’ என்று ஒரு சாட்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (நம் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே எழுதுவது வழக்கம், வெளியில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) அதன் ஆங்கிலம் ‘வென் ஐ வென்ட் தேர், தி அக்யூஸ்டு வாஸ் பீட்டிங் ஹிம்’. சாட்சி போவதற்கு முன்பே அடி விழத் தொடங்கிவிட்டது. யார் முதலில் கை ஓங்கினார், என்ன பேச்சில் சண்டை மூண்டது என்பவை இந்தச் சாட்சிக்குத் தெரியாது. இதையே அவசரத்தில் ‘வென் ஐ வென்ட் தேர், தி அக்யூஸ்டு பீட் ஹிம்’ என்று எழுதிவிட்டால், சாட்சி போய்ச் சேர்ந்த பிறகு அடி தொடங்கியது என்று பொருள் வந்துவிடும். சண்டையின் தொடக்கத்தைக் கண்ணால் பார்த்த சாட்சியாக அவர் ஒரே வரியில் மாறிவிடுகிறார். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் கேள்வி கேட்கலாம்.

‘வென்’ என்ற சொல்லைச் சுற்றி இந்த விதி நன்றாகத் தெரியும். ‘வென் ஹி கேம், வி ஏட்’ என்றால் அவர் வந்தார், பிறகு சாப்பிட்டோம். ஒருவேளை அவருக்காகவே காத்திருந்தோம். ‘வென் ஹி கேம், வி வேர் ஈட்டிங்’ என்றால் இலை போட்டுப் பாதி முடிந்துவிட்டது. அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. விருந்தாளிக்கு இந்த இரண்டும் ஒன்றாகுமா?

‘பத்து மணிக்கு என்ன செய்தீர்கள்?’, ‘பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளும் தமிழிலேயே வெவ்வேறு பதிலைக் கேட்கின்றன. இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போவதால், நம் காது சொல்வதையே நம்பி எழுதலாம்.

குறிப்பு: ஜூலை 11, மாலை 5.05

நம் காதை நம்பக் கூடாத இடம் ஒன்று உண்டு. அதை எழுதாமல் விட்டால் இந்த இழைக்கே பொருள் இல்லை.

‘எதிரி நீல நிறச் சட்டை அணிந்திருந்தார்.’ இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? என்னிடம் வந்த படிகளில் மிகப் பெரும்பாலானவை ‘தி அக்யூஸ்டு ஹேட் வோர்ன் எ புளூ ஷர்ட்’ என்றே இருந்தன. ‘அணிந்திருந்தார்’ என்பதில் ‘கொண்டு’ இல்லை, ‘இருந்தார்’ மட்டும் இருக்கிறது. பள்ளியில் ‘வந்திருந்தார்’ என்றால் ‘ஹேட் கம்’ என்று கற்றுக்கொண்டோம். அதே வாய்பாட்டில் இதையும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ‘ஹேட் வோர்ன்’ என்றால் அதற்கு முன்பு எப்போதோ அணிந்திருந்தார் என்றுதான் ஆங்கிலம் படிப்பவர் புரிந்துகொள்வார். சம்பவ நேரத்தில் அவர் உடம்பில் இருந்தது எந்தச் சட்டை என்று அவர் தேடத் தொடங்கிவிடுவார். இங்கே வேண்டியது ‘வாஸ் வேரிங்’.

காரணம் இதுதான். உடலின் இருப்பையும், உடலில் இருப்பதையும் சொல்லும் வினைகளுக்குத் தமிழ் ஒரு பாதையில் போகிறது, ஆங்கிலம் வேறு பாதையில் போகிறது. உட்காருவது, நிற்பது, படுப்பது, சாய்வது, பிடிப்பது, அணிவது ஆகியவற்றில் செயல் ஒரு நொடியில் முடிந்து, அதன் விளைவு நிலைத்து நிற்கிறது. தமிழ் அந்த விளைவைப் பார்த்து ‘உட்கார்ந்திருந்தார்’, ‘படுத்திருந்தார்’, ‘குடை பிடித்திருந்தார்’ என்று சொல்கிறது. ஆங்கிலமோ அந்த இருப்பையே நடந்துகொண்டிருக்கும் செயலாக எண்ணி ‘வாஸ் சிட்டிங்’, ‘வாஸ் லையிங்’, ‘வாஸ் ஹோல்டிங் அன் அம்ப்ரெல்லா’ என்கிறது. ஆகவே தமிழில் ‘கொண்டு’ இல்லாத இடத்திலும் ஆங்கிலத்தில் தொடர்வினை வரும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. ‘நான் கதவைத் திறந்தபோது அவர் சட்டை அணிந்துகொண்டிருந்தார்’ என்று ஒரு சாட்சி சொன்னால், ஒரு கை உள்ளே போயிருக்கிறது, இன்னொன்று போகவில்லை. அதை ‘வாஸ் வேரிங்’ என்று எழுதினால் காட்சியே மாறிவிடும். ‘வாஸ் புட்டிங் ஆன் ஹிஸ் ஷர்ட்’ என்று எழுத வேண்டும். சில வழக்குகளில் சட்டை உடம்பில் இருந்ததா, போட்டுக்கொண்டிருந்தாரா என்பதுதான் முழு வழக்குமே. இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

‘உட்கார்ந்துகொண்டிருந்தார்’ என்று தமிழில் எழுதுவோரும் இருக்கிறார்கள். பேச்சில் ‘உட்கார்ந்துக்கிட்டு இருந்தார்’ என்பது இயல்பாகவே வரும், அதில் குற்றம் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ‘இருந்துகொண்டிருந்தவர்’ என்பார். அவருக்கு உட்காருவதும் இருப்பதும் ஒன்று. பேச்சு எப்படி இருந்தாலும் ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழ் வினையின் வாலைப் பார்க்காமல் காட்சியைப் பாருங்கள் என்று என்னிடம் வேலை கற்க வந்தவர்களிடம் சொல்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் ‘ஹேட் வோர்ன்’ என்று எழுதுவார்கள்.

குறிப்பு: ஜூலை 12, மதியம் 1.20

‘ஐ வாஸ் நோயிங் ஹிம்’ தவறு என்று சொல்கிறார்களே, ஏன் என்று கேட்டவருக்கு: தமிழில் ‘அவரை எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது’ என்று நீங்கள் சொல்வீர்களா? மாட்டீர்கள். அறிவது, நம்புவது, சொந்தமாக இருப்பது, வேண்டியிருப்பது போன்றவற்றுக்கு நடுப்பகுதி என்று ஒன்று கிடையாது. நேற்றைக்குப் பாதி தெரிந்து இன்றைக்கு மீதி தெரிவதில்லை. ஆகவே ‘ஐ நியூ ஹிம்’ என்பதே முறை. வேடிக்கை என்னவென்றால், ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருந்தார்கள்’ என்று தமிழில் கனவில்கூடச் சொல்லாதவர்கள் ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று கூசாமல் சொல்கிறார்கள். இந்தப் பழியைத் தமிழின் மேல் போட முடியாது. ‘வாஸ் ஹேவிங் டின்னர்’ என்று எங்கோ கேட்டுவிட்டு, தம்பிகளையும் உணவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

குறிப்பு: ஜூலை 15, இரவு 10.10

செயலின் முடிவு மறைக்கப்படுகிறது என்று முதல் குறிப்பில் எழுதியதை இப்போது சற்று விரிக்க வேண்டும். முடிவு மறைக்கப்படுகிறது என்றால், முடிவு இருந்ததா என்பதற்கே உறுதி இல்லை என்று பொருள்.

டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்டனில் இருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்குப் பனிப்பாறையில் மோதி, மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கியது. ‘தி டைட்டானிக் வாஸ் செய்லிங் டு நியூயார்க்’ என்பது முழு உண்மை. ‘தி டைட்டானிக் செய்ல்டு டு நியூயார்க்’ என்றால் போய்ச் சேர்ந்ததாகத்தான் பொருள்படும், அது பொய். வினை ஒன்று, கப்பல் ஒன்று, கடல் ஒன்று. ‘வாஸ்’ வந்ததும் வாக்கியம் பிழைத்துக்கொள்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது மலையேறி மலோரியின் கதை. 1924 ஜூன் 8 அன்று நண்பகல் கடந்து 12.50 மணி அளவில், கீழே இருந்த நோயல் ஓடெல் மேகம் விலகிய சிறு இடைவெளியில் எவரெஸ்ட்டின் முகட்டில் இரண்டு உருவங்கள் மேலே நகர்வதைப் பார்த்தார். மேகம் மூடியது. மலோரியும் அவருடன் ஏறிய இர்வினும் திரும்பி வரவில்லை. மலோரியின் உடல் 1999 மே மாதத்தில் 8,000 மீட்டருக்கு மேலே கிடைத்தது. அவர்கள் உச்சியை அடைந்தார்களா என்ற கேள்விக்கு இன்றுவரை தீர்வு இல்லை. ஓடெல் பார்த்ததை ஆங்கிலத்தில் நேர்மையாகச் சொல்ல ஒரே ஒரு வடிவம்தான் இருக்கிறது: ‘தே வேர் கிளைம்பிங் டு தி சம்மிட்’. ‘தே கிளைம்டு டு தி சம்மிட்’ என்று எழுதினால், 1953 மே 29 அன்று ஹில்லரியும் டென்சிங்கும் பெற்ற பெருமையை ஒரு வினை வடிவத்தை வைத்து வேறு இருவருக்கு மாற்றிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மெய்யியலாளர்களும் மொழியியலாளர்களும் இதை விடவில்லை. ஜீனோ வெண்ட்லர் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆங்கில வினைகளை நான்காகப் பிரித்தார்: நிலையாக இருப்பவை, முடிவுப் புள்ளி இல்லாமல் நடப்பவை, ஒரு முடிவை நோக்கி நடப்பவை, ஒரு நொடியில் நிகழ்ந்துவிடுபவை. மூன்றாம் வகையில்தான் மேலே சொன்ன சிக்கல் வருகிறது. வட்டம் வரைந்துகொண்டிருந்தவர் வட்டம் வரைந்தார் என்று சொல்ல முடியாத இந்த நிலையை டேவிட் டௌட்டி 1970-களில் ஒரு முரணாகவே பெயரிட்டு ஆராய்ந்தார். வட்டம் என்ற ஒன்று இன்னும் உருவாகவே இல்லை. அப்படியிருக்க எதை வரைந்துகொண்டிருந்தார் என்பது அவர்கள் கவலை.

என் கவலை அவ்வளவு உயர்ந்தது அல்ல. ‘எதிரி பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்’ என்று சாட்சி சொன்னால் பூட்டு முழுதாக இருக்கக்கூடும். ‘உடைத்தார்’ என்றால் உடைந்த பூட்டு சான்றுப் பொருளாக வந்தாக வேண்டும். முயற்சிக்கும் முடிந்த குற்றத்துக்கும் சட்டம் வெவ்வேறு தண்டனை வைத்திருக்கிறது.

குறிப்பு: ஜூலை 16, காலை 7.30

நேற்றைய குறிப்புக்கு ஒரு எல்லை போட வேண்டும் என்று ஒருவர் சரியாகவே சுட்டியிருக்கிறார். முடிவுப் புள்ளி இல்லாத வினைகளில் இந்தச் சிக்கல் எழாது. ‘ஷி வாஸ் வாக்கிங்’ என்றால் ‘ஷி வாக்டு’ என்பதும் உண்மையே. நடக்கத் தொடங்கிய பிறகு எந்த இடத்தில் நின்றாலும் நடந்தது நடந்ததுதான். ‘டு தி ஸ்டேஷன்’ என்று சேர்த்தவுடன் சிக்கல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான்காம் வகையிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு நொடியில் முடியும் செயலுக்கு ‘வாஸ்’ போட்டால் ஆங்கிலம் இரண்டில் ஒன்றைச் செய்யும். ‘ஹி வாஸ் காஃபிங்’ என்றால் திரும்பத் திரும்ப இருமினார். ‘ஹி வாஸ் டையிங்’ என்றால் திரும்பத் திரும்ப இறக்கவில்லை; சாவை நெருங்கிக்கொண்டிருந்தார், பிழைத்தும் இருக்கலாம்.

குறிப்பு: ஜூலை 20, மாலை 6.45

பழக்கங்களைப் பற்றிய கேள்வி நிறைய வந்திருக்கிறது. ‘சிறு வயதில் தினமும் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன்’ என்பதை ‘ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல் டெய்லி’ என்று எழுதுவது நம்மவர் ஆங்கிலத்தின் அடையாள அட்டை. ‘ஐ வாக்டு டு ஸ்கூல்’ அல்லது ‘ஐ யூஸ்டு டு வாக் டு ஸ்கூல்’ என்று எழுதுங்கள். தமிழில் ‘கொண்டிருந்தேன்’ என்ற ஒரே வடிவத்தால் ஒரு கணத்தின் நடுவையும் பல ஆண்டுகளின் வழக்கத்தையும் சேர்த்துச் சுமக்க முடிகிறது. ‘நடந்து போவேன்’ என்று எதிர்கால வடிவத்தை வைத்தே பழைய வழக்கத்தைச் சொல்லும் வசதியும் நமக்கு உண்டு. ஆங்கிலத்தின் ‘வாஸ்’ வடிவம் அவ்வளவு சுமை தாங்காது.

ஆனால் தற்காலிகமான வழக்கத்துக்கு அது வரும். 1913 சனவரியில் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார். ‘ராமானுஜன் வாஸ் ஒர்க்கிங் அஸ் எ கிளார்க் வென் ஹி ரோட் டு ஹார்டி’ என்பது மிகப் பொருத்தமான வாக்கியம். அந்த வேலை அப்போதைக்கு நடந்துகொண்டிருந்த ஒன்று, கடிதம் அதன் நடுவில் விழுந்த நிகழ்வு. அடுத்த ஆண்டு கப்பல் ஏறி, 1919 வரை அவர் இங்கிலாந்தில் இருந்தார். அந்த ஐந்தாண்டுகளை ‘ஹி லிவ்டு இன் இங்கிலாந்து ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொல்ல வேண்டும். ஐந்தாண்டு நீண்டது, எழுத்தர் வேலை அதைவிடக் குறுகியது. தொடர்வினை குறுகியதற்குத்தான் வந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

‘ஆல்வேஸ்’ சேர்ந்தால் குரல் மாறிவிடும். ‘ஹி வாஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்’ என்பதில் சலிப்பு இருக்கிறது. ‘எப்போது பார்த்தாலும் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருப்பார்’ என்று நாம் அழுத்திச் சொல்வதற்கு நிகர் அது. அந்த ஏகாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘கெப்ட்’ என்ற சொல்லும் உதவும்: மழை பெய்துகொண்டே இருந்தது என்பதை ‘இட் கெப்ட் ரெய்னிங்’ என்று எழுதினால் நிறைவாக இருக்கும்.

குறிப்பு: ஜூலை 23, இரவு 9.00

மரியாதைக்கு வரும் ‘வாஸ்’ பற்றிச் சுருக்கமாக. ‘ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ’ என்று கடிதம் எழுதுபவர் இப்போதுதான் கேட்கிறார். நேற்றைய யோசனையைப் போல, அதுவும் பாதியில் நிற்கும் யோசனையைப் போல அதை வைப்பதால், மறுப்பவருக்கு மறுக்கும் சங்கடம் குறைகிறது. நம் ஊரிலும் வாசலில் நின்று ‘உங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்’ என்று இறந்தகாலத்தில் தானே தொடங்குகிறோம். ‘ஐ வாஸ் கோயிங் டு கால் யூ’ என்பதும் ‘உங்களைக் கூப்பிடலாம் என்று இருந்தேன்’ என்பதும் ஏறக்குறைய ஒரே சாக்கு. இரண்டு மொழியிலும் கேட்பவர் நம்புவதில்லை.

ஆனால் அலுவலக அறிக்கையில் இந்த மரியாதை வேண்டாம். ‘ஐ வாஸ் கோயிங் டு லாக் தி கேட்’ என்று எழுதினால் நீங்கள் பூட்டவில்லை என்று ஒப்புக்கொண்டதாகவே படிப்பார்கள்.

குறிப்பு: ஆகஸ்ட் 2, காலை 10.30

‘வாஸ் பீயிங் பில்ட்’ என்ற மூன்றடுக்கு வடிவம் நாக்கில் வராமல் தொல்லை தருகிறது, இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தார் என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்டது விளையாட்டாக இருந்தாலும் பதில் சுவையானது. அந்த வடிவம் ஆங்கிலத்திலேயே புதியது. அதற்கு முன்பு ‘தி ஹவுஸ் வாஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள். வீடு தானாகக் கட்டிக்கொள்கிறது என்று யாரும் குழம்பவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ‘பீயிங்’ உள்ளே நுழைகிறது. 1795-இல் கவிஞர் ராபர்ட் சதீ பல் பிடுங்கப்படும் வேதனையைப் பற்றி எழுதிய கடித வரி அதற்குத் தொடக்ககாலச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இலக்கணக்காரர்கள் அதை அருவருப்பான புதுமை என்று விரட்டினார்கள். அமெரிக்காவின் ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870-இல் வெளியிட்ட நூலில் அதை மிகக் கடுமையாகத் தாக்கினார். வடிவம் நிலைத்துவிட்டது, தாக்கியவரை இன்று தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் ‘பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது’ என்று எழுதினால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். ‘பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்’ என்று, யார் என்று சொல்லாமலே பன்மையில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தப் பெயரில்லாத ‘தே’ வேண்டாம். ‘தே வேர் பில்டிங் எ பிரிட்ஜ்’ என்றால் யார் அந்தத் ‘தே’ என்ற கேள்வி அடுத்த வரியிலேயே எழும். ‘எ பிரிட்ஜ் வாஸ் பீயிங் பில்ட்’ என்று நாக்கைப் பழக்குவதே நல்லது.

குறிப்பு: ஆகஸ்ட் 3, மதியம் 12.10

‘யூ வாஸ்’ என்று ஒரு வெள்ளைக்காரரே பேசுவதைக் கேட்டேன், அப்படியானால் அது சரிதானே என்ற கேள்விக்கு: ஒருவரை மட்டும் குறிக்கும்போது ‘யூ வாஸ்’ என்று எழுதுவது பதினெட்டாம் நூற்றாண்டில் படித்தவர்களிடமும் இருந்தது. ராபர்ட் லௌத் 1762-இல் தம் இலக்கண நூலில் அதைப் பெரும் பிழை என்று கண்டித்தார். பிறகு எழுத்திலிருந்து ஒதுங்கி வட்டாரப் பேச்சில் தங்கிவிட்டது. இங்கிலாந்தின் வடபகுதியில் ‘ஐ வாஸ் சிட்டிங்’ என்னாமல் ‘ஐ வாஸ் சாட்’ என்று சொல்வதும் அப்படித்தான் உயிரோடு இருக்கிறது, இப்போது தெற்கிலும் கேட்கிறது. ‘உட்கார்ந்திருந்தேன்’ என்ற நம் வடிவத்துக்கு அது எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டு, அறிக்கையில் ‘வாஸ் சிட்டிங்’ என்றே எழுதுங்கள்.

குறிப்பு: ஆகஸ்ட் 10, இரவு 8.55

எழுத்துக்கூட்டல் பற்றிக் கேட்டவருக்கு விதிகளை அடுக்க மாட்டேன். எந்த அகராதியிலும் கிடைக்கும். ‘ரன்’, ‘சிட்’ போன்றவை கடைசி எழுத்தை இரட்டிக்கும், ‘ரைட்’ கடைசி ‘ஈ’யை விட்டுவிடும், ‘டிராவல்’ பிரிட்டனில் இரட்டிக்கும், அமெரிக்காவில் இரட்டிக்காது. கணினி இவற்றில் பலவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

கணினி காப்பாற்றாத ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். சாயம் போடுவதற்கான ‘டை’ என்ற வினை, ‘இங்’ சேரும்போது தன் கடைசி ‘ஈ’யை விடக் கூடாது. விட்டால் அது இறப்பதற்கான வினையின் வடிவமாகிவிடும். ஒலியில் இரண்டும் ஒன்று என்பதால் காதும் எச்சரிக்காது, அப்படி ஒரு சொல் உண்மையிலேயே இருப்பதால் கணினியும் சிவப்புக் கோடு போடாது. திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைப் பெயர்ப்பலகைகளில் இந்த ‘ஈ’ தொலைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் மேசைக்கு ஒருமுறை ஒரு வாக்குமூலத்தின் ஆங்கிலப் படி வந்தது. பட்டறையில் பகல் இரண்டு மணிக்குத் தொழிலாளர்கள் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மூலம். அவர்கள் எல்லோரும் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது படி. அடுத்த வரியில் மேற்பார்வையாளர் அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அந்த ‘ஈ’யைச் சிவப்பு மையால் சேர்த்துவிட்டு, வடிவம் சரி, ‘வேர்’ தான் வர வேண்டும், ‘வாஸ்’ அல்ல என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினேன். எழுதியவர் அதையும் விட்டிருந்தார்.